ரேஸ் துண்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: நுவரெலியாவில் பிள்ளைகளோடு ஒரு குதிரை நாள்

எங்கள் ஊர்ப் பக்கம் "ரேஸ்" என்று சொன்னால் யாருக்கும் குதிரை ஞாபகத்துக்கு வராது. பந்தயக் காசு கட்டுகிற புக்கிக் கடைதான் வரும். டவுன் கடைகளுக்கு மேலே இருட்டான படி ஏறிப் போகிற அறை, சுவரில் ஒட்டிய கடதாசி, சட்டைப் பையில் நாலாக மடித்த துண்டு. என் சித்தப்பாவுக்கு இங்கிலாந்தில் பந்தயம் நடக்கிற நியூமார்க்கெட் தெரியும், எப்சம் தெரியும், அஸ்கொட் தெரியும். அங்கே மழை பெய்து தரை நனைந்தால் எந்தக் குதிரை தடுமாறும் என்று தலவாக்கலையில் உட்கார்ந்துகொண்டு சொல்லுவார். ஒரு நாள் என் மகள் கேட்டாள்: "சின்னத் தாத்தா, நீங்க குதிரையத் தொட்டிருக்கீங்களா?" அவர் யோசித்துவிட்டு, "எதுக்குத் தொடணும்? காசு என்ன குதிரையா வந்து குடுக்கும்?" என்றார்.

அந்த வாரமே நுவரெலியா போனோம். அதற்குப் பிறகும் போயிருக்கிறோம். முதல் தடவை செய்த தப்புகள் இரண்டாம் தடவை உதவின. குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாத குடும்பம் ஒன்று, அதிகம் செலவில்லாமல், ஒரே நாளில் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு திரும்புவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்ன பார்க்கப் போகிறோம்

சித்தப்பாவின் துண்டில் அடிக்கடி வருகிற அந்த நியூமார்க்கெட்டில் தேசியக் குதிரைப் பந்தய அருங்காட்சியகம் இருக்கிறது. 1983-ல் தொடங்கியது. 2016-ல் பெலஸ் ஹவுஸ் என்ற இடத்துக்கு மாறியது. குதிரைப் பைத்தியமான இரண்டாம் சார்லஸ் மன்னனின் பழைய அரண்மனையில் மிஞ்சியிருக்கும் பகுதி அது. அங்கே பந்தயத்தின் கதையைச் சொல்லும் பொருள்கள் ஒரு பக்கம், குதிரை ஓவியங்கள் ஒரு பக்கம், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நிஜக் குதிரைகள் ஒரு பக்கம். ஏறி உட்கார்ந்து, பந்தயக் குதிரையை ஓட்டுகிற ஜொக்கி மாதிரி ஓட்டிப் பார்க்க ஒரு பொம்மைக் குதிரை இயந்திரமும் உண்டு.

நமக்கு விமான டிக்கெட் வேண்டாம். கதை, படம், உயிருள்ள குதிரை என்ற அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கதையையும் படத்தையும் முந்தின இரவே வீட்டில் முடித்துவிடலாம். குதிரைக்குத்தான் நுவரெலியா.

நுவரெலியா ரேஸ் கோர்ஸ் 1875-ல் உருவானது. பக்கத்தில் இருக்கிற கிரகரி வாவியை அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் வெட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரை இந்தக் குளிருக்குள் அப்படியே கட்டிப் பார்த்த காலம் அது. கொழும்பிலும் 1893-லிருந்து பெரிய ரேஸ் கோர்ஸ் இருந்தது. 1942-ல் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானியச் சண்டை விமானங்கள் ஏறிய ஓடுபாதைகளில் அந்தப் பந்தயத் திடலும் ஒன்று. 1950களின் நடுவில் அரசாங்கம் பந்தயச் சூதாட்டத்தில் கைவைத்ததும் கொழும்பில் குதிரை ஓட்டம் நின்றுபோனது. இன்றைக்கு வருடா வருடம் குதிரை ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் நம் மலைக்குத்தான் வர வேண்டும். ஏப்ரலில் கவர்னர்ஸ் கப், குயின்ஸ் கப் என்று நடப்பது இங்கேதான்.

எந்த நாளில் போவது

இரண்டு வழி இருக்கிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் பந்தய நாளன்று போகலாம். இல்லையென்றால் சாதாரண நாளில் போகலாம்.

சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்கள் சாதாரண நாளையே தெரிவு செய்யுங்கள் என்பேன். ஏப்ரலில் நுவரெலியாவுக்குள் நுழைவதே பெரும்பாடு. நாங்கள் ஒரு வருடம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கிளம்பி, நானுஓயாவைத் தாண்டியதும் பஸ் நின்ற இடத்திலேயே நிற்க, மகன் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரே குதிரை பக்கத்துக் காரின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்தான். அறை வாடகையும் அந்த மாதம் தலைகீழாக நிற்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. காலை வெயிலில் புல் பளபளவென்று இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு மூட்டம் இறங்கினால் எதிர்க் கம்பி கூடத் தெரியாது. அதனால் குதிரை வேலை எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் இரவில் பத்து பாகைக்குக் கீழே குளிர் இறங்கும், சில விடியலில் புல்லில் உறைபனி கூட இருக்கும். தலவாக்கலைக் குளிர் பழகிவிட்டது, சமாளிக்கலாம் என்று வீராப்புப் பேசாமல் பிள்ளைகளுக்குச் சுவெட்டரும் காதை மூடும் தொப்பியும் எடுங்கள்.

முந்தின இரவு: கதையும் படமும்

இந்த இரவைத் தவிர்த்துவிட்டுப் போனால் மறுநாள் பிள்ளைகள் குதிரையை ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், அப்புறம் ஐஸ்கிரீம் கேட்பார்கள். நான் பட்ட அனுபவம்.

முதலில் சுவரில் ஒரு கோடு. குதிரையின் உயரத்தை "கை" என்ற அளவில் சொல்லுவார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேடு வரைக்கும்தான் அளவு, தலை கணக்கில் இல்லை. பந்தயக் குதிரை சுமார் 16 கை இருக்கும், அதாவது 163 சென்ரிமீட்டர். சோக்கால் அந்த உயரத்தில் கோடு போட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலே இன்னும் கழுத்தும் தலையும் இருக்கிறது என்று சொல்லும்போது அவர்கள் கண் விரிவதைப் பார்க்க வேண்டும். 14 கை 2 அங்குலத்துக்கு உள்ளே இருப்பவை மட்டக்குதிரைகள். வாவிக் கரையில் சவாரிக்கு நிற்பவற்றில் பல இந்த ரகம்.

அடுத்தது பரம்பரை. இன்று உலகமெங்கும் பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனக் குதிரைகளின் தந்தை வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் நிற்கும்: பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடொல்பின் அரேபியன். மூன்றும் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவை. டார்லி அரேபியன் 1704-ல் சிரியாவின் அலெப்போவிலிருந்து போனது. மிகப் பெரும்பாலான பந்தயக் குதிரைகள் அதன் வழிதான். இன்னொரு வேடிக்கை, வட கோளத்தில் எந்த மாதம் பிறந்த பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-ஆம் திகதிதான் வயது ஏறும். இதைச் சொன்னதும் மகள், "அப்பத்தாவோட அடையாள அட்டையிலயும் ஜனவரி ஒண்ணுதானே!" என்றாள். உண்மைதான். எங்கள் அப்பத்தா பிறந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்புறம் படம். குதிரை பாய்ந்து ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் பதில் சொல்லாமல் இருங்கள். எல்லோரும் ஆளுக்கொரு படம் வரையட்டும். 1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் பாதை ஓரமாக வரிசையாகக் கேமராக்களை வைத்து இந்தக் கேள்விக்கு விடை கண்டார். எழும்புகிறது. ஆனால் முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீண்டிருக்கும்போது இல்லை, நாலும் வயிற்றுக்குக் கீழே மடங்கிக் கூடும்போது. அதற்கு முன்னால் இருந்த ஓவியர்கள் பெரும்பாலும் காலை நீட்டித்தான் வரைந்தார்கள். நுவரெலியாவில் எங்காவது பழைய ஆங்கிலேயர் காலத்துக் குதிரைப் படம் மாட்டியிருந்தால் உங்கள் பிள்ளை அதில் பிழை பிடிக்கும்.

படுக்கும்போது மாணிக்கவாசகர் கதை. குதிரை வாங்கி வா என்று பாண்டியன் கொடுத்த பணத்தை அவர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து கட்டுகிறார். இரவோடு இரவாக அவை திரும்ப நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றன. சித்தப்பாவும் அன்றைக்குக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். "குதிரைக்குன்னு காசக் கட்டி நரி வாங்குன கதை எனக்கும் நிறைய இருக்கு" என்றார்.

பை கட்டுவதும் பயணமும்

ஒரு துணி அளவுநாடா, சோக், ஒரு பை கச்சான், நாலு கேரட், கைகழுவத் தண்ணீர். கச்சான் எதற்கு என்பது பின்னால் வரும். சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டால் டவுனில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பிளாஸ்கில் பிளேன்டீ.

கண்டியிலிருந்து இறம்பொடை வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரமாவது எடுக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து நானுஓயா வழி பஸ். பதுளைப் பக்கமிருந்து கோச்சியில் வந்தால் நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும், நுவரெலியா டவுனுக்குள் ரெயில் இல்லை. நானுஓயாவுக்கு ரெயில் வந்ததே 1885-ல்தான். ரேஸ் கோர்ஸ் அதற்குப் பத்து வருடம் மூத்தது. அப்படியானால் அந்தப் பத்து வருடமும் குதிரைகள் எப்படி மலை ஏறின? நடந்துதான்.

பஸ்ஸில் சொல்ல ஒரு கதை வேண்டுமென்றால் சாமுவேல் பேக்கரின் கதை. 1848-ல் நுவரெலியாவில் பண்ணை போடக் குடியேறிய ஆங்கிலேயர் அவர். மாடு, வேட்டை நாய், குதிரை, கோச் வண்டி எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூட வந்த கோச்சுவானுக்குக் கொஞ்சம் தண்ணி பழக்கம். மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டிவிட்டு, நல்ல வேளை நானும் கூடப் போகவில்லை என்று எஜமானுக்குக் கடிதம் எழுதினான். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழிக்குள் போனது குதிரை.

மைதானத்தில்

பஸ் ஸ்டாண்டிலிருந்து வாவிப் பக்கமாக நடந்தால் ரேஸ் கோர்ஸ் வந்துவிடும். உள்ளே போகலாமா, எதுவரை போகலாம் என்று வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். பந்தயம் இல்லாத நாளில் புல்வெளி, கம்பி, பார்வையாளர் மேடை இவ்வளவுதான். "இதுக்கா வந்தோம்?" என்று பிள்ளை கேட்கும். அளவுநாடாவை எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

பந்தயத் தூரத்தைப் பர்லாங்கில் சொல்லுவது இன்னும் மாறவில்லை. எட்டு பர்லாங் ஒரு மைல். ஒரு பர்லாங் 201 மீட்டர். ரோட்டுத் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்லிப் பழகிய நம் பெரியவர்களுக்கு இது புதிதில்லை, பிள்ளைகளுக்குத்தான் புதிது. பெரிய ஆளின் நடையில் முந்நூறு காலடிக்குக் கொஞ்சம் குறைய வைத்தால் ஒரு பர்லாங். ஓட இடம் கிடைக்கிற பக்கமாக அதை அளந்து இரண்டு முனையிலும் ஆளை நிறுத்தி, போனில் நேரம் பார்த்துப் பிள்ளைகளை ஓட விடுங்கள். என் மகனுக்கு 51 வினாடி ஆனது. பந்தயக் குதிரைக்கு சுமார் 12 வினாடி, அதுவும் ஐம்பது கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்துகொண்டு.

ஓடி முடித்து இரைக்கும்போது அடுத்த பாடம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் மூச்சு சீக்கிரம் வாங்கும். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான். பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று காலும் நெஞ்சும் சேர்ந்தே இயங்கும். வாயை மூடிக்கொண்டு ஐம்பது அடி ஓடிப் பாருங்கள். அத்தை முயன்று பார்த்துவிட்டு அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

ஹண்டிகெப் என்றால் என்ன என்பதை விளக்கப் பள்ளிக்கூடப் பை போதும். நல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம், சுமாரான குதிரைக்குக் குறைந்த பாரம், அப்படிச் செய்தால் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு சமமாகும் என்பது கணக்கு. போதாத எடைக்குச் சேணத்தோடு ஈயத் தகடு வைப்பார்கள். எங்களில் வேகமானவள் மகள். அவள் பையில் சாப்பாடு, பிளாஸ்க், அம்மாவின் கைப்பை எல்லாவற்றையும் திணித்து ஓடவிட்டோம். தம்பி முதல் தடவையாக அக்காவை ஜெயித்தான். "இது நியாயமே இல்ல" என்றாள். ரேஸ் குதிரைக்குப் பேச வந்தால் அதையேதான் சொல்லும்.

குதிரைக்குப் பக்கத்தில்

நாள் முழுவதிலும் நிதானம் வேண்டிய இடம் இது. வாவிக் கரையிலும் மைதானத்தைச் சுற்றியும் சவாரிக் குதிரைகளோடு ஆட்கள் நிற்பார்கள். ஓடிப்போய் ஏறாதீர்கள். பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள்.

குதிரைக்குக் கண் இரண்டு பக்கமும் இருப்பதால் சுற்றிவரக் கிட்டத்தட்ட எல்லாம் தெரியும். தெரியாத இடம் இரண்டு: நேர் பின்னால், நெற்றிக்கு நேர் முன்னால். பின்னால் போய் நிற்கிற ஆளை அதற்குத் தெரியாது, பயந்தால் உதைக்கும். எனவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே, அது பார்க்கிற மாதிரி வாருங்கள். காது முன்னால் நிமிர்ந்திருந்தால் கவனிக்கிறது. பின்னால் தட்டையாகப் படிந்திருந்தால் கோபம், விலகிவிடுங்கள்.

குடை! இதைத் தனியாக எழுத வேண்டும். லேசாகத் தூறியது என்று என் மாமியார் குதிரைக்கு மூன்றடி தூரத்தில் பட்டென்று குடையை விரித்தார். குதிரை பக்கவாட்டில் ஒரு எகிறு எகிறியது. மேலே இருந்த மகன் பிடரி மயிரைப் பிடித்துத் தொங்க, பிடித்துக்கொண்டிருந்த குதிரைக்கார அண்ணன் கடிவாளத்தை விடாததால் தப்பினோம். குடை, சொப்பின் பை, பலூன் எதையும் குதிரைக்குப் பக்கத்தில் விரிக்கவோ ஆட்டவோ வேண்டாம்.

கேரட் கொண்டுவந்தோமே, அதைக் கொடுக்கலாமா என்று குதிரைக்காரரிடம் முதலில் கேளுங்கள். சரி என்றால் நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள். வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, பெருவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு நீட்ட வேண்டும். அந்த மேல் உதடு நம் விரல் மாதிரி தடவிப் பார்த்து எடுக்கும். மகள் கையை நீட்டியபோது முதலில் வந்தது சூடான மூச்சு. மூக்கின் விளிம்பில் இருக்கிற நாலைந்து கட்டை மயிர் உள்ளங்கையைக் கூசவைத்தது. கேரட் போய் வெகு நேரம் அவள் கையை விரித்தபடியே நின்றாள். சித்தப்பாவும் ஒரு துண்டு கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துத் துடைத்தார். சிரித்ததையும் பார்த்தேன்.

பிள்ளைகளுக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: வாயில் கடிவாளம், முதுகில் சேணம், கால் வைக்க அங்கவடி, குளம்புக்குக் கீழே லாடம், கழுத்தில் பிடரி. "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்ற பழமொழிக்குப் படம் எதிரிலேயே நிற்கிறது. நடையையும் காதால் படிக்கலாம். மெல்ல நடக்கும்போது நாலு தட்டு, துள்ளி ஓடும்போது இரண்டு தட்டு, அதைவிட வேகத்தில் மூன்று தட்டு, முழுப் பாய்ச்சலில் மறுபடி நாலு. தப்பு மேளம் அடித்துப் பழகிய கை உள்ள பையன் ஒருவன் கூட இருந்தால் உடனே பிடித்துக்கொள்வான். நம் பழைய ஆட்களும் குதிரை நடையை மயூரகதி, வானரகதி என்றெல்லாம் ஐந்தாகப் பிரித்துப் பேர் வைத்திருந்தார்கள்.

குதிரை கட்டும் இடத்துக்குப் பெயர் லாயம் என்றபோது மகள் நின்றுவிட்டாள். "நம்ம லயமா?" என்றாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான நம் லயம் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, இது வேறு என்று விளக்கினேன். "ஒரு துணைக்கால்தான வித்தியாசம்" என்றாள். பதில் சொல்லவில்லை. என் தாத்தாவின் அப்பா துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. துரை குதிரையில் மலை சுற்றும்போது அவர் பக்கத்தில் ஓட வேண்டும். நுவரெலியாப் பந்தயத்தின் பழைய படங்களில் தொப்பியும் சீமாட்டியும் நிறைய இருப்பார்கள். குதிரையைத் தேய்த்து, புல் அறுத்துப் போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் முகத்தைத் தேடிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சவாரி ஏறுவதாக இருந்தால்: விலை, தூரம், படம் எடுக்கத் தனிக் காசா என்பது மூன்றையும் ஏறுவதற்கு முன்னால் பேசிக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு பேசினால் கேட்ட காசு கொடுக்க வேண்டியதுதான். சேணத்துக்குக் கீழே புண் இருந்தாலோ, விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்றாலோ, நொண்டினாலோ அந்தக் குதிரையில் ஏறாதீர்கள். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரைக்கு ஏற்றக் கூடாது. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோ. அப்பாக்கள் பக்கத்தில் நடந்து வரலாம்.

பந்தய நாளில் போனால்

காலையிலேயே போய்விடுங்கள். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிற இடத்துக்குப் பக்கமாக நிற்பதுதான் புத்தி, முடிவுக் கம்பத்துக்கு எல்லோரும் அடிபடுவார்கள். சேணத்துணியில் குதிரையின் எண் இருக்கும். ஜொக்கியின் சட்டை நிறம் ஜொக்கியுடையது இல்லை, குதிரைக்குச் சொந்தக்காரருடையது. ஜொக்கி அங்கவடியை உயர்த்தி, குரங்கு மாதிரிக் குந்தி முன்னால் சாய்வதைப் பாருங்கள். 1897-ல் டொட் ஸ்லோன் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் போய் அப்படி ஓட்டியபோது சிரித்தார்கள். அவர் ஜெயிக்க ஜெயிக்கச் சிரிப்பு நின்றது, அப்புறம் எல்லோரும் அப்படியே குந்திவிட்டார்கள்.

குதிரைகள் கிட்டே வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். தரை அதிர்வது காலில் தெரியும். புக்கி டீவியில் இது வராது.

கச்சான் கணக்கு

சூதாட்டம் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டுமா? பேச வேண்டும். நாம் பேசாவிட்டால் டவுன் மாடிப்படி பேசும். ஏச வேண்டாம், கணக்குப் போட்டுக் காட்டினால் போதும்.

சாப்பிட உட்கார்ந்ததும் கச்சான் பையை எடுங்கள். நாலு கடதாசித் துண்டில் நாலு குதிரைக்குப் பெயர் எழுதுங்கள். ஒருவர் புக்கிக்காரர். எல்லாக் குதிரைக்கும் அவர் தருவது ஒன்றுக்கு இரண்டு: பத்துக் கச்சான் கட்டி ஜெயித்தால் இருபதும், கட்டிய பத்தும், மொத்தம் முப்பது கிடைக்கும். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. இப்போது நாலு பேர் நாலு குதிரையில் பத்துப் பத்தாகக் கட்டட்டும். புக்கிக்காரர் கையில் நாற்பது. துண்டைக் குலுக்கி எடுங்கள். எது வந்தாலும் அவர் கொடுப்பது முப்பது. பத்து அவரிடமே நிற்கும். இன்னொரு சுற்று, இன்னொரு பத்து. எந்தக் குதிரை ஜெயித்தது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நிஜத்தில் எண்கள் குதிரைக்குக் குதிரை மாறும், ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் அவர் பக்கம் மிஞ்சுகிற மாதிரித்தான் கணக்கைப் போட்டிருப்பார்கள்.

ஐந்தாம் சுற்றில் மகனிடம் ஒரு கச்சான் கூட இல்லை. புக்கிக்காரராக இருந்த மகள் உடைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா எழுந்து வாவியைப் பார்க்கப் போனார்.

மிச்ச நேரமும் திரும்புவதும்

சாப்பிட்ட பிறகு மூட்டம் இறங்கவில்லை என்றால் விக்டோரியா பூங்கா, செங்கல் நிறத் தபால் நிலையம் இரண்டையும் நடந்தே பார்க்கலாம். கால் வலித்தால் ஒன்றும் வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து காலையில் பார்த்த குதிரையை மனதிலிருந்து வரையச் சொல்லுங்கள். முந்தின இரவு வரைந்த படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கால்கள் மாறியிருக்கும். பிள்ளைகளுக்கு இதில் ருசி பிடித்துவிட்டால் அடுத்த நீண்ட விடுமுறைக்கு நெடுந்தீவு இருக்கிறது. ஐரோப்பியர் காலத்தில் விடப்பட்ட குதிரைகளின் வழி வந்தவை அங்கே கட்டுக்கயிறு இல்லாமல் திரிகின்றன. அதற்குப் படகு, தங்குமிடம் என்று வேறு ஏற்பாடு வேண்டும்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பஸ் ஏறாதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் சனம் கூடிவிடும், பிள்ளைகளோடு உட்கார இடம் வேண்டுமென்றால் நாலரைக்கே போய் நில்லுங்கள். இறம்பொடை வளைவுகளில் இறங்குபவர்கள் ஆளுக்கொரு சொப்பின் பை கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சீட் கிடைத்த பிள்ளை பேக்கரின் கோச் வண்டி எந்தப் பள்ளத்தில் விழுந்தது என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்கும். நான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பள்ளத்தைக் காட்டியிருக்கிறேன்.